நரம்பிழையின் வளையங்கள்

நரம்பணுவினின்று ஒரு நீண்ட இழை புறப்பட்டுச் செல்கிறது. அதனை ஆக்ஸான் என்பர். முதுகுத் தண்டின் கீழ்ப்பகுதியில் தோன்றிப் பாதத்தை எட்டும் இழை, வளர்ந்த மனிதரிடம் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுடையது. பருமனோ, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் ஒரு சில கூறுகளே. நாம் குனிகிறோம், நிமிர்கிறோம், படியேறுகிறோம். ஒவ்வோர் அசைவிலும் இவ்விழைகள் இழுபடுகின்றன. ஆயுள் முழுவதும் இவை அறாமல் நிற்பது எவ்வாறு?

இக்கேள்வி வெறும் வியப்பினால் எழுந்ததன்று. ஸ்பெக்ட்ரின் என்னும் புரதம் குறைவுபட்ட சிறு புழுக்களை 2007-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் ஆராய்ந்தனர். புழு நெளிய நெளிய, அதன் நரம்பிழைகள் அறுபடுவதைக் கண்டனர். அத்தகைய புழுவையே அசையவொட்டாமல் முடக்கியபோது இழைகள் அறவில்லை. ஆகவே, இழுவிசையினின்று இழையைக் காப்பதில் இப்புரதத்திற்குப் பெரும் பங்கு உண்டென்பது புலனாயிற்று. ஆனால் அது எவ்விதம் அமைந்து நின்று காக்கிறது? பார்த்தால்தானே தெரியும்! பார்ப்பதில்தான் தொல்லை.

ஒளியைக் கொண்டு காட்டும் மைக்ராஸ்கோப்புக்கு ஓர் எல்லை உண்டென்று ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் அபே 1873-இல் நிறுவினார். ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதிக்கும் குறைவான இடைவெளியில் உள்ள இரு புள்ளிகள் ஒன்றாகவே தோன்றும். அந்த எல்லை சுமார் 200 நானோமீட்டர். நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. கண்ணாடி வில்லையை எவ்வளவு செம்மையாகத் தீட்டினும் இவ்வெல்லை அகலாது. 1931-இல் பெர்லின் நகரில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் ஒளிக்குப் பதிலாக எலெக்ட்ரான்களைக் கொண்டு உருவத்தைப் பெருக்கிக் காட்டினர். அன்று பிறந்த எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் பின்னர் ஒளிக் கருவியின் எல்லையைத் தாண்டி வெகுதூரம் சென்றுவிட்டது. எனினும் அதற்கும் ஒரு குறை உண்டு. அது காட்டுவது கறுப்பும் வெளுப்புமான படம். உருவம் துல்லியமாக இருக்கும். ஆனால், இந்தக் கோடு எந்தப் புரதம் என்று கேட்டால் படம் விடை சொல்லாது. நரம்பிழையைப் பல்லாண்டுகளாக அக்கருவியிற் பார்த்தவர்கள், நாம் இங்கே கூறவிருக்கும் வளையங்களைக் காணாமலே போனதில் வியப்பில்லை.

பெயர் சொல்லவல்லது ஒளியே. ஒளிரும் சாயத்தை ஒரு குறிப்பிட்ட புரதத்தோடு மட்டும் பிணைத்துவிட்டால், அப்புரதம் இருக்குமிடம் மின்னும். அபே வகுத்த எல்லையைக் கடக்கும் உபாயமும் 2006-ஆம் ஆண்டளவில் கைகூடிற்று. தொலைவிலிருந்து பார்த்தால் கார்த்திகை விளக்கு வரிசை ஒரே ஒளிக்கோடாகத் தோன்றும். விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றி அணைத்தால், ஒவ்வொன்றும் நிற்கும் இடத்தைத் தனித்தனியே குறித்துக்கொள்ளலாம் அல்லவா? சாய மூலக்கூறுகளை அவ்வாறே சிலசிலவாக மின்னச் செய்து, ஆயிரக்கணக்கான படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து முழு உருவத்தை அமைக்கிறார்கள்.

இம்முறையினால் 2013-இல் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தின் ஷியாவோவெய் ஷுவாங் அம்மையாரும் அவருடைய துணைவர்களும் ஆக்டின் என்ற புரதத்தைப் படம் எடுத்தனர். ஆக்டினைப் பற்றிக்கொள்ளும் சாயப்பொருள் ஒரு நச்சுக் காளானிலிருந்து கிடைத்ததென்பது சுவையான செய்தி. பீப்பாய்க்கு இரும்புப் பட்டைகள் இட்டாற்போல, இழை நெடுகிலும் ஆக்டின் வளையங்கள் ஒழுங்காக நின்றன. இரு வளையங்களுக்கு இடையே ஏறக்குறைய 190 நானோமீட்டர்! அபேயின் எல்லைக்குச் சற்றே உட்பட்டு, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அவை ஒளிந்திருந்திருக்கின்றன. வளையத்திற்கு வளையம் பாலமிட்டு நின்றது அந்த ஸ்பெக்ட்ரினே.

இனி, வளையம் எதனால் ஆனது? ஆக்டின் இழைகளின் முனையை மூடும் வேறொரு புரதமும் அங்கே இருந்ததால், குட்டையான துண்டுகள் பல வட்டமாகச் சேர்ந்திருக்கலாமென்று பலர் எண்ணினர். ஒளிப்படத்தில் வளையம் வெறும் பட்டையாகவே தெரிந்தது, உள்ளமைப்பு தெரியவில்லை. எலெக்ட்ரான் படமோ உள்ளமைப்பைக் காட்டும். வளையம் இதுதான் என்று சுட்டாது. ஆகையால் ஒரே நரம்பணுவை இரு கருவிகளுக்கும் காட்ட வேண்டியதாயிற்று. இதனை மார்செய், பாரிஸ் நகரங்களைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் லெதேரியே, ஸ்டெஃபான் வாசிலோபுலோஸ் முதலியோர் செய்து 2019-இல் வெளியிட்டனர்.

அவர்கள் கையாண்ட முறையைச் சற்று விரிவாகவே சொல்லலாம். எலியின் நரம்பணுக்களைக் கண்ணாடித் தகட்டில் வளர்த்தனர். செவிக்கெட்டாத ஒலியதிர்வைச் செலுத்தி, வீட்டின் கூரையைப் பிரிப்பதுபோல அணுவின் மேற்சவ்வைப் பெயர்த்தெடுத்தனர். கீழ்ச்சவ்வும் அதில் ஒட்டிய சட்டமும் தங்கின. சாயமேற்றி, முதலில் ஒளிப்படம் எடுத்தனர். பின்னர் அதே தகட்டின்மீது பிளாட்டினத்தையும் கரியையும் மெல்லிய படலமாகப் படியச் செய்து, அந்த அச்சை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்தனர். வரிசையை மாற்றினால் காரியம் கெடும். உலோகப் பூச்சுக்குப் பிறகு சாயம் ஒளிராது. இரு படங்களையும் பொருத்தியபோது, ஒளி காட்டிய பட்டை ஒவ்வொன்றின் இடத்திலும் நீண்ட ஆக்டின் இழைகள், இருபுரிக் கயிறு போல ஒன்றையொன்று தழுவி முறுக்கிக் கிடந்தன. குட்டைத் துண்டுகள் என்ற கருத்தை இப்படம் தள்ளிவிட்டது.

படங்களைப் பொருத்துவது எளிதென்று நினைக்கலாகாது. நீரை நீக்கும்போது பொருள் சுருங்கும். ஓரிடம் நகர்ந்தால் ஓரிடம் நகராது. சாயத்தைத் தாங்கிச் செல்லும் எதிர்ப்புரதமே 10 நானோமீட்டர் அளவிருப்பதுண்டு; மின்னும் புள்ளி புரதத்தின் மேலன்றி அதன் பக்கத்தில் நிற்கக்கூடும். அடையாளத்திற்காகச் சில ஆராய்ச்சியாளர் இரு கருவிகளிலும் தெரியும் நுண்ணிய பொன்மணிகளை இட்டு வைக்கின்றனர். இத்தகைய வேலையில் பெருக்கத்தின் அளவைக் காட்டிலும் பொருத்தத்தின் நேர்மையே பெரிதென்பது நம் கருத்து.

கூரை பிரிக்கப்பட்ட அணு உயிருள்ள அணுவாகாது என்ற ஆட்சேபம் எழலாம். அதற்கு ஓரளவு விடையும் உண்டு. ஒளிக் கருவியின் எல்லையைக் கடந்தமைக்காக 2014-இல் நோபெல் பரிசு பெற்ற மூவருள் ஒருவரான ஸ்டெஃபான் ஹெல்லின் ஆய்வுக்கூடத்தார், உயிரோடிருக்கும் நரம்பணுக்களிலேயே இவ்வளையங்களை ஒளிரச் செய்து 2015-இல் காட்டினர். ஆனால் அந்தப் படங்களில் வளையம் மறுபடியும் வெறும் பட்டைதான், புரிகள் தெரியவில்லை.