ஒரு வளைவுக்கு ஓர் உலை



வால்பாறையிலிருந்து ஆழியாறு பக்கம் இறங்கியவர்களுக்கு அந்த வாடை தெரிந்திருக்கும். 40 கொண்டை ஊசி வளைவுகள். பாதி மலை இறங்குவதற்குள் முன்னால் போகும் காரிலிருந்து ஏதோ கருகுகிற வாடை வரும். கியரைக் குறைக்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அப்படித்தான் வரும். இன்று நான் பேச வந்த விஷயத்துக்கு அந்த வாடையே நல்ல வாசல். ஒரே ஸ்போர்ட்ஸ் காரை ஊர்ச் சாலையிலும் ஓட்ட வேண்டும், பந்தயத் தடத்திலும் ஓட்ட வேண்டும். அதற்கு என்ன மாற்றுகிறார்கள், எப்படிப் பராமரிக்கிறார்கள்?

ஒரு காரை எடுத்துக்கொள்கிறேன். 1989 பிப்ரவரியில், சிகாகோ மோட்டார் கண்காட்சியில் ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் சின்னஞ்சிறு கார் ஒன்றைக் காட்டியது. எம்எக்ஸ்-5 என்று பெயர். அமெரிக்கர்கள் மியாட்டா என்பார்கள். இரண்டே இருக்கை, துணிக்கூரை, 1.6 லிட்டர் எஞ்சின், 116 குதிரைத்திறன். எடை 1,000 கிலோவுக்கும் குறைவு. குதிரையும் அதில் ஏறியவரும் ஓருடலாவதைச் சொல்லும் ‘ஜின்பா இத்தாய்’ என்ற ஜப்பானியத் தொடரை மனத்தில் வைத்து அதை உருவாக்கினார்கள். 2016-ல் 10 லட்சமாவது கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. அமெரிக்காவில் பழைய மியாட்டா ஒன்றை வாங்கி, சனிக்கிழமை பந்தயத் தடத்துக்கு ஓட்டிப் போய், நாள் முழுக்கச் சுற்றிவிட்டு, திங்கட்கிழமை அதே காரில் வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம்.

புதிதாக இதில் இறங்குகிறவர் முதலில் கேட்பது, “எஞ்சின் சக்தியை எவ்வளவு கூட்டலாம்?” என்பதுதான். முதல் ஒரு வருடம் எஞ்சினைத் தொடவே வேண்டாம் என்பேன். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஓட்டுநரோடு சேர்த்து ஏறத்தாழ 1,050 கிலோ எடையுள்ள அந்தக் கார், நேர்ச்சாலையின் முடிவில் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அடுத்த வளைவுக்குள் 60 கிலோமீட்டரில் நுழைய வேண்டும். மூன்று நான்கு நொடிக்குள் குறைய வேண்டிய அந்த வேகம் முழுவதும் வெப்பமாக மாறியாக வேண்டும். பெரும்பகுதியைப் பிரேக்தான் விழுங்குகிறது. எவ்வளவு வெப்பம் தெரியுமா? மூன்று லிட்டருக்குச் சற்றே குறைவான தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு. சோற்றுக்கு உலை வைத்தால் அந்தத் தண்ணீர் கொதிக்கப் பத்து நிமிடமாவது ஆகும். இங்கே நான்கு நொடியில் ஓர் உலை. அடுத்த வளைவில் இன்னோர் உலை. இருபது நிமிடம் இதே கதை. வேகம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதால், சாலையில் வருடக்கணக்கில் ஒழுங்காக இருந்த பிரேக் தடத்தில் ஐந்தே சுற்றில் கையை விரித்துவிடும்.

கையை விரிப்பது எப்படி நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டிஸ்க் பிரேக் உள்ள உங்கள் பைக்குக்கும் இது பொருந்தும். நம் காலின் அழுத்தத்தைச் சக்கரம்வரை கொண்டுபோவது பிரேக் ஆயில். பெயர் ஆயில் என்றாலும் பெரும்பாலான வண்டிகளில் இருப்பது எண்ணெய் அல்ல. காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் திரவம். டாட் 4 என்ற வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. நூற்றுக்கு 3.7 பங்கு அளவுக்கு நீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். மிதித்த மிதி எல்லாம் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோகும். பெடல் தரைவரை போகும், கார் நிற்காது.

ஆகவே, தடத்துக்குப் போகும் காருக்கு முதல் மாற்றம் சில நூறு ரூபாய் விலையுள்ள புது பிரேக் ஆயில். பழையதை முழுக்க வெளியேற்றி, புதியதை ஊற்றி, ஏர் எடுக்க வேண்டும். இரண்டாவது, அதிக வெப்பம் தாங்கும் பிரேக் பேட். இதில் ஒரு சிக்கல் உண்டு. தடத்துக்கென்றே செய்த பேட், சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும். திங்கட்கிழமை காலை, குளிர்ந்த வண்டியில், குறுக்கே பள்ளிக் குழந்தை ஓடி வந்தால் அது உடனே பிடிக்காது. கீச்சென்று கத்தவும் செய்யும். அதனால் அக்கறையுள்ளவர்கள் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு, தடத்துக்கு முன்னும் பின்னும் மாற்றிவிடுகிறார்கள். அரை நாள் வேலை. அந்த அரை நாளுக்குச் சோம்பல்படுகிறவர் இரண்டு வாழ்க்கை வாழும் காரை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து.

தடத்துக்கு நல்லதாக இருப்பது சாலைக்குக் கெடுதலாக வருவது பேடில் மட்டுமல்ல. சக்கரங்களின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கும்படி கேம்பரைக் கூட்டினால் வளைவில் டயர் தரையை முழுசாகப் பற்றும். நேர்ச்சாலையில் அதே டயரின் உள்விளிம்பு தேய்ந்து நூல் தெரியும். துணிக்கூரைக் கார் உருண்டால் தலையைக் காக்க, இருக்கைக்குப் பின்னால் எஃகு வளைவு பொருத்துகிறார்கள். தலைக்கவசம் போட்டிருக்கும்வரை அது காவல். கவசமில்லாமல் கடைவீதிக்குப் போகும்போது பின்னாலிருந்து ஒரு வண்டி மோதினால், தலை இடிப்பது அந்த எஃகின் மேல்தான். அதற்குரிய கெட்டி நுரையுறையைச் சுற்றாமல் சாலைக்கு எடுக்கவே கூடாது.

மாற்றங்கள் போக, பராமரிப்பும் உண்டு. பழைய மியாட்டாவின் ரேடியேட்டரை அதன் சொந்தக்காரர்கள் நிறம் பார்த்தே கணிப்பார்கள். மேல் தொட்டி பிளாஸ்டிக். புதிதில் கறுப்பு, வயதாக ஆகப் பழுப்பு. பழுத்த தொட்டியோடு தடத்துக்குப் போனால் எங்காவது விரிசல் விட்டு, கூலன்ட் வழிந்து, சிலிண்டர் ஹெட் வளைந்துபோகும். எஞ்சின் ஆயிலும் அளவுகோலின் மேல் குறிவரை இருக்க வேண்டும். நீண்ட வளைவில் ஆயில் ஒருபக்கமாக ஒதுங்கும். அளவு குறைவாக இருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும்.

நம் பக்கமும், சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயத் தடம் இருக்கிறது. ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். சொந்தக் காரைக் கொண்டுபோக நினைக்கும் இளைஞர்களுக்கு ஒன்று: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எஞ்சினையோ உடலையோ மாற்றிவிட்டு அதே எண் பலகையோடு சாலைக்கு வர முடியாது. நல்ல பிரேக் ஆயில், நல்ல டயர், நன்றாக ஓட்டக் கற்றுத்தரும் ஓர் ஆசிரியர் இவற்றை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. சுற்று நேரத்தை அதிகம் குறைப்பதும் அந்த ஆசிரியர்தான்.

தடத்தில் நாள் முடியும்போது, கடைசிச் சுற்றை மெதுவாக, பிரேக்கைத் தொடாமல் ஓட்டி, காற்று பட்டு எல்லாம் ஆற விட வேண்டும். வண்டியை நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக்கை இழுக்காமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். கொதிக்கும் டிஸ்க்கைப் பேட் கவ்விக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் தடிப்பு விழும். ஆறியபின் வீல் நட் ஒவ்வொன்றையும் டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபார்க்க வேண்டும். காலையில் டயர் சூடேறி அழுத்தம் கூடியபோது இறக்கிய காற்றை மறுபடி நிரப்பிக்கொண்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு போய்ச் சேரலாம்.