மூன்றாவது எழுத்து

தலைமை நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டவருக்கு இன்று காலையிலிருந்தே லேசான கைநடுக்கம். முன்வரிசையில் அவருக்குப் பாடம் சொன்னவர்கள். பின்வரிசையில் அவர் பாடம் சொன்ன பிள்ளைகள். இரு தரப்புமே பிழை பிடிப்பதில் தேர்ந்தவர்கள்.

கருத்தரங்கின் தலைப்பு, தோல் மருத்துவ மேற்படிப்புக்கு முயலும் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கான வழிகாட்டல். இதைத் தலைவர் சீக்கிரம் முடித்துவிடுவார். நீட் பி.ஜி.யில் 200 கேள்வி, மூன்றரை மணி நேரம், கடைசியில் ஒரு ரேங்க். ரேடியாலஜியும் ஜெனரல் மெடிசினும் டெர்மாவும் கவுன்சலிங்கின் தொடக்கத்திலேயே கரைந்துவிடும் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவில் கதை வேறு. அங்கே மருத்துவ உரிமத்துக்கான ஸ்டெப் ஒன் தேர்வு 2022 ஜனவரியிலிருந்து வெறும் பாஸ், ஃபெயில்தான். ஆய்வுக்கட்டுரை, பரிந்துரைக் கடிதம், நேர்காணல் என்று ஆளையே அளந்து பார்க்கிறார்கள். நம் ஊரில் அதொன்றும் கிடையாது. அந்த நாட்டு அறிவுரையை வாசித்துவிட்டுக் கட்டுரை எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டிருக்கும் ஹவுஸ் சர்ஜன், சீட்டுக்காக அதைச் செய்வதாக இருந்தால், அந்த நேரத்தில் கேள்வித்தாள்களைப் போட்டுப் பார்க்கலாம்.

வழிகாட்டல் முடிந்தது. இனி தலைவரின் சொந்த வழக்கு.

ரேங்க் வாங்கியவரிடம் ‘ஏன் டெர்மா?’ என்று கேட்க நம் முறையில் ஆளில்லை. கேட்டால் ‘நைட் டியூட்டி இல்லை, எமர்ஜென்சி இல்லை’ என்பார்கள். அவர்கள் வாங்கப்போகும் பட்டத்தின் பெயர் எம்.டி. டி.வி.எல். முதல் எழுத்து தோல், இரண்டாவது பால்வினை நோய், மூன்றாவது தொழுநோய். கிளினிக் பலகையில் பின்னிரண்டும் உதிர்ந்து, அந்த இடத்தில் லேசரும் முடிநடவும் ஏறிவிடுகின்றன. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை 1986இல் சென்னையில் சுனிதி சாலமன் குழு கண்டறிந்தபோது நடு எழுத்தின் மதிப்பு ஊருக்குத் தெரிந்தது. மூன்றாவது எழுத்துக்கு அப்படியொரு நாள் வாய்க்கவில்லை. ‘அதை எடுத்துவிட்டால் என்ன?’ என்று மூத்த நண்பர் ஒருவர் முன்பொருமுறை இதே போன்றதொரு மேடையில் கேட்டார். அவர் மேல் தலைவருக்கு மிகுந்த மரியாதை உண்டு. அன்று பதில் சொல்ல நேரம் தரப்படவில்லை. இன்று மைக் தலைவர் கையில்.

நண்பரின் ஆதாரம் 2005 டிசம்பர். பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவை எட்டியதால், தொழுநோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று நாடு அறிவித்தது அப்போதுதான். அந்தக் கணக்கு பொய்யல்ல, கூட்டு மருந்துச் சிகிச்சையின் பெரிய வெற்றி அது. ஆனால் அறிவிப்பை நோயாளி வாசிப்பதில்லை. உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் இந்தியாவில்தான். ‘தேமல்தானே சாரே’ என்று வருகிறவரின் வெளிறிய திட்டில் பஞ்சால் தொட்டுப் பார்க்காமல் களிம்பு எழுதினால், விரல் மடங்கிய பிறகுதான் அவர் திரும்பி வருவார்.

விரல் என்றதும் செங்கல்பட்டு நினைவுக்கு வருகிறது. 1940களின் பிற்பகுதியில் ராபர்ட் காக்ரேன் அங்குள்ள தொழுநோய் இல்லத்தைச் சுற்றிக்காட்ட, வேலூர் எலும்பு அறுவை மருத்துவர் பால் பிராண்ட் ஒரு நோயாளியின் மடங்கிய கைக்குள் தன் கையைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். பிடி வலித்தது. தசை முழுதும் சாகவில்லை என்று அந்த வலியில் புரிந்தது. தசைநாரை இடம்மாற்றி விரலை நிமிர்த்தும் அறுவை சிகிச்சை வேலூரில் அங்கிருந்து வளர்ந்தது. இல்லத்தைச் சுற்றிக்காட்டிய காக்ரேன் தோல் நோய் மருத்துவர். நைட் டியூட்டி இல்லாத துறைதான்.

நம் துறையின் வரலாறு எழுதுவோர் சென்னையில் தொடங்கி, வேலூர் வழியாகச் சென்னைக்கே திரும்பிவிடுகிறார்கள். குமரி மாவட்டத்து நெய்யூர் அவர்கள் வரைபடத்தில் இல்லை. 1838இல் ஆர்ச்சிபால்ட் ராம்சே மிஷன் மருத்துவப் பணியைத் தொடங்கிய ஊர் அது. 1956 நவம்பர் வரை குமரி திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால் சென்னைக்காரர்கள் அதைக் கேரளக் கணக்கில் விட்டார்கள். கேரளத்தார் தமிழ்நாட்டுக் கணக்கில் விட்டார்கள். 1922, 1924 எவரெஸ்ட் குழுக்களில் ஏறிய சாமர்வெல்லை மலையேறியாக எல்லோருக்கும் தெரியும். நெய்யூர் அனுபவத்தை வைத்து அவர் 1940இல் வெளியிட்ட ‘நைஃப் அண்ட் லைஃப் இன் இந்தியா’வை இந்த அவையில் எத்தனை பேர் புரட்டியிருக்கிறோம்? கை தூக்க வேண்டாம். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியில் ஐந்தரை ஆண்டு படிக்கும் பிள்ளைக்கு நெய்யூர் பஸ்ஸில் போய் வருகிற தூரம்.

அதே குமரியில் இன்னொரு கையும் இருக்கிறது. மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்து அண்டி ஆபீஸ்களில், அதாவது முந்திரி ஆலைகளில், தோடு உடைக்கும் பெண்களின் விரல்கள் கறுத்து, தோல் உரிந்திருக்கும். முந்திரித் தோட்டு எண்ணெயின் கார்டால், அனகார்டிக் அமிலம் செய்யும் வேலை. மேல்நாட்டுப் பாடநூல் பாய்சன் ஐவிக்குப் பக்கம் பக்கமாக இடம் தருகிறது; அதே தாவரக் குடும்பத்து அண்டியும் சேராங்கொட்டையும் நம் ஓ.பி. வாசலிலேயே உட்கார்ந்திருக்கின்றன. அந்தப் பெண்ணின் கை எரிகிறது. தொழுநோய்க் கையோ சுட்டாலும் எரிவதில்லை. கண்ணுக்கு இரண்டும் புண்பட்ட கைதான். பிரித்தறிய மருத்துவர் அந்தக் கையைப் பிடிக்க வேண்டும், முழங்கையின் உட்பக்கம் அல்நார் நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். தேர்வின் 200 கேள்விகளுக்கும் விரலால் எதையும் தொடாமலே விடை குறித்துவிடலாம்.

எனவே தலைவரின் கோரிக்கை ஒன்றுதான். ரேங்க் வருவதற்கு முன், மாணவர்கள் ஹவுஸ் சர்ஜன் காலத்துத் தோல் போஸ்டிங்கை விடுமுறையாக எண்ணிக் கழித்துவிடாமல், அந்தச் சில நாள்களில் பத்துக் கைகளையாவது பிடித்துப் பார்க்கட்டும். பிடிக்கவில்லை என்றால் ரேடியாலஜி இருக்கிறது.

முதல் அமர்வின் நேரத்தில் கால் மணியைத் தலைவர் தின்றுவிட்டார். கட்டுரையாளர் மேடைக்கு வரலாம். அவர் பேசப்போவது லேசர் பற்றி என்று நிரலில் போட்டிருக்கிறது.