ஒளியும் பனியன் துணியும்



திருப்பூரில் பனியன் துணியை இழுத்துப் பாராதவர் இலர். சிறிது இழுத்தால் சிறிது நீளும்; இருமடங்கு இழுத்தால் ஏறக்குறைய இருமடங்கு நீளும். மேலும் இழுத்தால் பின்னல் வளையங்கள் இறுகிவிடும். கை வலிக்குமே ஒழியத் துணி நீளாது. இன்று நாம் காணப்போகும் ஒளிப் பண்பேற்றி என்னும் கருவிக்கும் இக்குணம் உண்டு.

மயிரிழை போன்ற கண்ணாடி இழையில் ஒளியைச் செலுத்திச் செய்தி அனுப்பும் காலம் இது. ஆனால் ஒளி தானாகப் பேசாது. மின்குறிப்பை அதன்மேல் ஏற்றவேண்டும். சில படிகங்களில் மின்னழுத்தம் செலுத்தினால் ஒளி செல்லும் வேகம் மாறுகிறது. இதனை ஜெர்மன் அறிஞர் பொக்கெல்ஸ் 1893-ஆம் ஆண்டில் ஆராய்ந்தார். லித்தியம் நையோபேட் படிகத்தில் ஒளியை இரு கிளையாகப் பிரித்து, மின்னழுத்தத்தால் ஒன்றைச் சற்றே பின்தங்கச் செய்து, மீண்டும் சேர்ப்பர். அலைகள் ஒத்துவந்தால் வெளிச்சம், எதிர்த்துவந்தால் இருள். இரண்டுக்கும் நடுவே, அரையொளி நிலையில் கருவியை நிறுத்திக் குறிப்பைச் செலுத்துவர்.

இங்கேதான் இடர்ப்பாடு. வெளிவரும் ஒளி மின்னழுத்தத்தின் நேர்விகிதத்தில் மாறுவதில்லை. சைன் வளைவின்படி மாறுகிறது. உங்கள் கணித அட்டவணையை எடுத்துப் பாருங்கள். 10 பாகையின் சைன் 0.1736, 20 பாகைக்கு 0.3420, ஏறக்குறைய இருமடங்கு. 60 பாகைக்கு ஆறுமடங்கு வரவேண்டாவோ? வருவது 0.8660 மட்டுமே. துணி இறுகிவிட்டது!

விளக்கை அணைத்து ஏற்றுவதுபோல் ‘உண்டு, இல்லை’ என்று மட்டும் சொல்லும் எண்முறைச் செய்திக்கு இதனால் பெருங்கேடில்லை. அலையின் வடிவத்தையே அனுப்பும்போதுதான் கேடு. 100, 101 மெகாஹெர்ட்ஸ் என்னும் இரு அலைகளை ஒன்றாக ஏற்றினால், நாம் அனுப்பாத 99, 102 என்னும் இரண்டும் கூடவே முளைக்கும். அழையா விருந்தினர் போல அவை அடுத்த நிலையத்தின் இடத்தில் அமர்ந்துகொள்ளும்.

நம் நாட்டிலேயே இதற்கொரு சான்று கூறுவேன். உதகையில் 1970-இல் வானொலித் தொலைநோக்கியை நிறுவிய கோவிந்த் சுவரூப் அவர்களே, பின்னர்ப் புனேக்கு வடக்கே நாராயண்காவ் அருகில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களைக் கொண்ட மாபெரும் தொலைநோக்கியையும் உருவாக்கினார். ஏறத்தாழ 25 கிலோமீட்டர்ப் பரப்பில் சிதறிய அக்கிண்ணங்களின் குறிப்புகள் கண்ணாடி இழைவழியே, அலைவடிவம் குலையாமல், நடுநிலையத்தை அடைகின்றன. அங்கே படிகம் இல்லை. லேசரின் மின்னோட்டமே மாற்றப்படுகிறது. எனினும் கவலை ஒன்றே. விண்மீன் மண்டலங்களின் மெல்லிய ஓசையிடையே, மனிதர் எழுப்பும் வலிய அலைகள் ஒன்றோடொன்று கலந்து பொய்க்குறிப்பை ஈன்றுவிடலாகாது.

பரிகாரம் என்ன? முதல் வழியை நம்மூர்த் தையற்கூடத்திலேயே காணலாம். துவைத்தால் துணி சுருங்கும் என்று அறிந்தவர் அளவைச் சற்றுக் கூட்டியே வெட்டுவர். அதுபோல, படிகம் எவ்வளவு குறைக்குமோ அவ்வளவைக் குறிப்பில் முன்கூட்டியே மிகுத்துவிடுவர். இது எளிது, ஆயினும் அதிவேக அலைகளுக்கு அத்தகைய மின்சுற்று அமைப்பது கடினம். வெப்பம் மாறினாலோ படிகத்தின் அரையொளி நிலையே நகர்ந்துவிடும். அதனை ஓயாது கண்காணித்துத் திருத்தவேண்டும்.

இரண்டாம் வழி எனக்கு மிகவும் உவப்பானது. திரிபு, குறிப்பின் கனத்திற்கேற்ப வளர்வது. ஆதலின் இரு பண்பேற்றிகளை அமையுங்கள். முதலதற்கு ஒளி 8 பங்கு, குறிப்பு 1. இரண்டாவதற்கு ஒளி 1 பங்கு, குறிப்பு 2, அதுவும் எதிர்த்திசையில். முதலதன் திரிபு 8. இரண்டாவதன் திரிபு 2-இன் கனம், அதுவும் 8. இரண்டும் கழிந்தன! நற்குறிப்போ 8-இல் 2 போக 6 எஞ்சும். கால்பங்கு இழந்து தூய்மையைப் பெற்றோம், நல்ல பேரந்தான்.

முற்றிலும் தூய்மையா என்றால், இல்லை. ஐந்தாம் படித் திரிபை இதே முறையில் கணக்கிட்டுப் பாருங்கள்: ஒன்றில் 8, மற்றதில் 32. அது கழியாது.