தொழில் பயிலும் பிள்ளைகளுக்குப் பொருளுதவி
(ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் இல்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அங்ஙனமிருந்தும் பிள்ளைகளுள் சிலர் இடையிலேயே நின்றுவிடக் காண்கிறோம். காரணம் கட்டணமன்று, கூலி. கட்டட வேலைக்குச் சென்றால் அன்றாடம் வீடு வந்து சேரும் பணம், பயிற்சி முடியுமட்டும் வாராது போகிறது. அவ்விழப்பைத் தாங்கவியலாத குடும்பமே மகனைத் திரும்ப அழைத்துக்கொள்கிறது.

இவ்விழப்பைக் குறைக்கவே உதவித்தொகை ஏற்பட்டது. நிலையத்தில் பயில்வோர்க்கு மாதம் 750 ரூபாய் உண்டு. அரசுப் பள்ளியில் படித்துவந்த பெண்களுக்கு 2022-இல் புதுமைப் பெண் திட்டமும், ஆண்களுக்கு 2024-இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய்க்கு வகைசெய்தன. இரண்டையும் கூட்டினும் கொத்தனார்க் கூலிக்கு ஈடாகாதே என்பீர்கள். மெய்தான். ஆயினும் மிதிவண்டி, சீருடை, பாடநூல் ஆகியவை விலையின்றிக் கிடைப்பதால், தொகை பெரும்பாலும் வீட்டுச் செலவுக்கே நிற்கும். பயிற்சிக்குப்பின் தொழிற்சாலையில் பழகுநராய்ச் சேர்ந்தால், 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி அத்தொழிற்சாலையே மாதந்தோறும் உதவித்தொகை கொடுத்தாக வேண்டும்.

இடர் வேறிடத்தில் உள்ளது. 1,000 ரூபாய் வங்கிக் கணக்கிற்கே வருகிறது. கணக்குடன் ஆதார் இணையாவிடில் வாராது. பிள்ளை நின்றுவிடுவதோ பெரும்பாலும் முதற் சில திங்களில்! விதைப்புக்குப் பின் வந்த விதை யாருக்கு உதவும்?

ஆகவே ஆகஸ்டு 15 கிராம சபையில், இவ்வாண்டு தொழில் பயிலச் சேர்ந்தவர் யாவர், எவர் கணக்கு இணையவில்லை என்று கேட்டறியுங்கள். வங்கிக்குச் செல்ல ஒருநாட் கூலியை இழக்கத் தயங்கும் பெற்றோருக்குப் பதிலாக, உறுப்பினர் ஒருவர் பிள்ளையுடன் சென்றுவரலாம்.