நோட்டில் அடித்த பெயர்

(எங்கள் புனே கிளையின் குடும்ப சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

இங்கே பலருக்கு என்னை "ஜாதக மாமா" என்றுதான் தெரியும். பாதுகாப்புக் கணக்குத் துறையில் வேலையாகி 1977-ல் புனேக்கு வந்தவன். 2013-ல் ஓய்வு பெற்றதும் கிளையின் வரன் பதிவை என் கையில் கொடுத்தார்கள். பெண்களுக்கு ஒரு நோட்டு, பிள்ளைகளுக்கு ஒரு நோட்டு. பிள்ளைகளுக்கு இப்போது மூன்றாவது நோட்டு நடக்கிறது. பெண்களின் நோட்டு இன்னும் முதலாவதுதான். அதிலும் பாதிப் பக்கம் வெள்ளையாக இருக்கிறது.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. 2021 நவம்பரில் தமிழ்நாடு பிராமணர் சங்கத் தலைவர் என். நாராயணன் தங்கள் மாத இதழில் ஒரு கடிதம் எழுதினார். தமிழ்நாட்டில் 30-லிருந்து 40 வயதுக்குள் 40,000-க்கும் மேற்பட்ட பிராமணப் பிள்ளைகள் பெண் கிடைக்காமல் இருக்கிறார்கள், உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் பெண் தேடப் போகிறோம் என்றார். பத்திரிகைகளெல்லாம் அதைப் போட்டன. நம்மில் சிலர் சிரித்தோம், சிலர் வருத்தப்பட்டோம். எனக்குத் தோன்றியது ஒன்றுதான். லக்னோவுக்குப் போவதற்கு முன்னால், நம் அகத்துப் பெண்கள் ஏன் அந்த நோட்டில் இல்லை என்று அவர்களிடம் கேட்டோமா?

நான் கேட்கவில்லை. அதைச் சொல்லத்தான் இன்று நிற்கிறேன்.

பெண்கள் நோட்டின் முதல் பக்கத்தில் நான் எழுதிய பெயர் என் ஒரே பெண்ணுடையது. அப்போது அவளுக்கு 27 வயது. மூன்று வருஷம் முன்பு அந்தப் பெயரைக் கோடு போட்டு அடித்தேன். கேட்டவர்களிடம் "அமைஞ்சுடுத்து, அப்புறம் சொல்றேன்" என்றேன். அமைந்தது விவாகம் அல்ல. பாணேரில் ஒரு ஃபிளாட்டில், தன்னோடு ஹிஞ்ஜவடியில் வேலை பார்க்கும் மராட்டிப் பையனோடு அவள் குடித்தனம் நடத்துகிறாள். தாலி இல்லை, பதிவும் இல்லை. இத்தனை நாள் உங்கள் அகத்து ஜாதகங்களைக் கையில் வைத்துக்கொண்டு, என் அகத்து விஷயத்தை மட்டும் மறைத்தேன்.

ஏன் இப்படி ஆயிற்று என்று யோசித்தபோது ஒரு சாயங்காலம் நினைவுக்கு வந்தது. அவளைப் பார்க்க வந்திருந்தார்கள். நல்ல குடும்பம், ஒன்பது பொருத்தம். பையனின் தகப்பனார் காபியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "கல்யாணத்துக்கப்புறம் உங்க பொண் சம்பளத்திலேர்ந்து உங்களுக்கு ஏதாவது தருவாளா? முன்னாடியே தெரிஞ்சுண்டா நல்லது." நான் அவசரமாக, "சேச்சே, அப்படியெல்லாம் நாங்க எதிர்பார்க்கவே இல்லை" என்றேன். உள்ளே அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். என் சம்சாரத்துக்கு அப்போதே முழங்கால் ஆபரேஷன் ஆகி, மருந்துச் செலவு முழுவதும் அவள்தான் பார்த்து வந்தாள். அந்த வரனை அவள் வேண்டாம் என்றாள். பெண்ணுக்குப் பிடிவாதம் அதிகம் என்று நான் ஊரெல்லாம் சொன்னேன்.

சென்ற வருஷம்தான் அவளை நேராகக் கேட்டேன், "ஏம்மா, அவனையே கல்யாணம் பண்ணிக்கக் கூடாதா?" என்று. அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "கல்யாணத்து மேல வெறுப்பில்லேப்பா. இப்ப இவன் நம்மாத்துக்கு வந்தா அம்மாவுக்கு மருந்து வாங்கிண்டு வரான். நான் அவாத்துக்குப் போனா என்னை யாரும் அடுப்பண்ட நிக்கச் சொல்றதில்லை. தாலி கட்டிண்டா ரெண்டும் மாறிடுமோன்னு பயமா இருக்கு."

எங்கள் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். என் பாட்டிக்கு 1929-ல் 11 வயதில் கல்யாணம். பெண்ணுக்கு 14 வயது ஆகவேண்டும் என்ற சாரதா சட்டம் அடுத்த ஏப்ரலில் அமலுக்கு வருவதற்குள் அவசரமாக முடித்தார்கள். அம்மாவுக்கு 17, என் சம்சாரத்துக்கு 22. என் பெண்ணுக்கு 40 நெருங்குகிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் பெண் கொஞ்சம் அதிகம் படித்தாள், கொஞ்சம் அதிகம் சம்பாதித்தாள். புக்ககம் அவளிடம் எதிர்பார்ப்பது மட்டும் என் பாட்டி காலத்திலேயே நின்றுவிட்டது.

இது பிராமணர்களுக்கு மட்டும் வந்த சோதனை என்று எண்ணியிருந்தேன். அந்தப் பையனின் தாயாரைச் சந்தித்த பிறகு எண்ணம் மாறிற்று. சாதாரா பக்கம் கரும்பு விவசாயக் குடும்பம். மூத்த பிள்ளைக்கு 38 வயதாகியும் பெண் கிடைக்கவில்லை என்று அந்த அம்மாள் கண் கலங்கினாள். 2022 டிசம்பரில் சோலாப்பூரில் கல்யாணமாகாத இளைஞர்கள் மாப்பிள்ளை வேஷத்தில், சிலர் குதிரை மேல் ஏறி, கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனது நினைவிருக்கும். 2023 பிப்ரவரியில் கர்நாடகத்தில் மாண்டியாப் பக்கத்து விவசாய இளைஞர்கள், பெண் கிடைக்கவேண்டும் என்று மாதேஸ்வரன் மலைக்குப் பாதயாத்திரை போனார்கள். பெண் குழந்தைகளே வேண்டாம் என்று இருந்த காலத்தின் பலனும் இதில் உண்டு. நிலத்தை நம்பிப் பெண்ணைக் கொடுக்கத் தயங்குவதும் உண்டு.

வெளிதேசங்களிலும் விவாகத்தின் உருவம் மாறிவருகிறது. ஜப்பானில் 2020 கணக்குப்படி 50 வயதுவரை கல்யாணமே ஆகாத ஆண்கள் நூற்றுக்கு 28 பேர், பெண்கள் சுமார் 18 பேர். அமெரிக்காவில் 1967-ல் புதிதாக மணம் புரிந்தவர்களில் நூற்றுக்கு 3 பேர்தான் வேறு இனத்தில் மணந்தார்கள். 2015-ல் 17 பேர். அங்குள்ள ஆசியர்களில் 29 பேர். அந்தக் கணக்கில் நம் குழந்தைகளும் அடக்கம்.

புனேக்கு இது புதிதல்ல. 1893-ல் தோண்டோ கேசவ் கர்வே, விதவையான கோதுபாயை மணந்தார். சொந்த ஊரான முருடில் அவரை விலக்கிவைத்தார்கள். அவர் 1896-ல் விதவைகளுக்கு ஆசிரமமும் 1916-ல் பெண்களுக்குப் பல்கலைக்கழகமும் கண்டார். நூறு வயதில், 1958-ல், பாரத ரத்னா பெற்றார். நாம் தினம் போய்வரும் கர்வே ரோடு அவர் பெயரில்தான். நம் பக்கத்தில் பால்ய விதவையான சகோதரி சுப்புலட்சுமி 1911-ல் பட்டம் பெற்று, தம்மைப் போன்ற பெண்களைப் படிக்க வைத்தார். அன்றைக்கு ஆசாரம் போயிற்று என்று வருந்தியவர்களின் பேத்திகள்தான் பிறகு டாக்டரும் பேராசிரியரும் ஆனார்கள்.

நம் வயதினரையே பாருங்கள். துணையை இழந்த முதியவர்கள் சேர்ந்து வாழ உதவவென்று மாதவ் தாம்லே என்பவர் 2012-ல் இதே புனேயில் ஒரு மண்டலியே ஆரம்பித்தார். மறுமணம் செய்தால் பலருக்குக் குடும்ப ஓய்வூதியம் நின்றுபோகும், பிள்ளைகளுக்குச் சொத்துத் தகராறு வரும். அதனால் கல்யாணம் இல்லாமலே துணை தேடுகிறார்கள்.

இதை நான் ஆதரித்துப் பேசவில்லை. விவாகம் ஒரு சம்ஸ்காரம் என்பதில் எனக்கு இன்றும் நம்பிக்கை உண்டு. ஆனால் பெண் பாதுகாப்பாக இருக்கிறாளா என்று பார்ப்பதும் தகப்பன் கடமை அல்லவா? சிவாஜிநகர் கோர்ட்டில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். வயது வந்த இருவர் சேர்ந்து வாழ்வது குற்றமல்ல என்று 2010-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், விவாகத்தைப் போன்ற உறவில் உள்ள பெண்ணுக்கும் பாதுகாப்பு தருகிறது. ஆனால் உயில் இல்லாமல் ஒருவர் காலமானால் மற்றவர் வாரிசு அல்ல. அதைச் சொல்லி இருவரையும் உயில் எழுதவைத்தேன். தாலிக்கு இருந்த கவலையில் இதைத்தான் என்னால் செய்ய முடிந்தது. வக்கீல் 1954-ம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டத்தையும் சொன்னார். ஜாதி, மதம் தடையில்லை, 30 நாள் நோட்டீஸ் போதும். அதை அவர்களிடம் ஒரு தடவை சொன்னேன். மறுபடி வற்புறுத்தவில்லை.

இந்தச் சபையிடம் இரண்டு விண்ணப்பங்கள். ஒன்று, வரன் பதிவுப் படிவத்தில் பெண்ணுக்கு மட்டும் இருக்கும் கேள்விகளைப் பிள்ளைக்கும் கேட்போம். சமைக்கத் தெரியுமா? ஊர் மாறச் சம்மதமா? பெண்ணின் தாய் தகப்பனாரை வயதான காலத்தில் பார்த்துக்கொள்ள மனமுண்டா? நேற்று இதைப் படிவத்தில் சேர்த்து ஐந்து பிரதி எடுத்திருக்கிறேன். கமிட்டி சம்மதித்தால் அடுத்த மாதம் முதல் நடைமுறைக்கு வரும்.

இரண்டாவது, என்னைப் போல யாராவது நோட்டில் ஒரு பெயரை அடித்துவிட்டு மௌனமாக இருந்தால், கூட்டம் முடிந்தபின் என்னிடம் வந்து உட்காருங்கள். நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.

மற்றபடி, நோட்டை வேறொருவர் கையில் கொடுப்பதுதான் சரி என்று நீங்கள் நினைத்தால், மூன்று நோட்டும் பெண்கள் நோட்டும் இதோ மேஜைமேல் இருக்கின்றன. என் பெண்ணும் அந்தப் பையனும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சாப்பிடாமல் போகவேண்டாம் என்று சொல்லித்தான் அழைத்து வந்தேன்.