கொடிக்கு முன்னே கொம்பு
(வீட்டுத் தோட்டம் செய்வோருக்கான சந்திப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது தாயகத்து முதுமொழி. அதை மறவாத முதியவர்கள் சிட்னிக்கு வந்த பின்னும் ஆடி பிறந்ததும் விதைப் பொட்டலத்தைத் தேடுவதுண்டு. ஆனால், இங்கு ஆடி மாதம் குளிர்காலம். குளிர்ந்த ஈரமண்ணில் இட்ட போஞ்சி விதை முளைக்குமுன்பே அழுகிவிடும். மண்ணின் வெப்பம் 16 பாகை செல்சியஸைக் கடந்த பின்னர் விதைப்பதே தகும். சிட்னிப் பகுதியில் அது பெரும்பாலும் செப்டெம்பர் இறுதி, அதாவது, புரட்டாசி.

விதைப்பதற்கு முன் ஆற்ற வேண்டிய பணி ஒன்று உண்டு. அது கொம்பு நடுதல். செடி முளைத்த பின் கொம்பை ஊன்றினால் இளம் வேர்கள் அறுபடும். கொடிப்போஞ்சி 2 மீற்றருக்கும் மேலாக ஏறக்கூடியது. எனவே, 2.4 மீற்றர் நீளமான நான்கு கழிகளை அரை மீற்றர் ஆழத்தில் ஊன்றி, உச்சியில் சேர்த்துக் கட்டுதல் நன்று. பட்டாணிக்கு இருப்பது போன்ற பற்றுச்சுருள் போஞ்சிக்கு இல்லை. தண்டே சுற்றி ஏறுகிறது. ஆகவே, தடித்த தூணைவிட விரற்பருமனான, சொரசொரப்பான கழியோ செங்குத்தாகக் கட்டிய சணற்கயிறோ ஏற்றது. மேலிருந்து நோக்கினால், கொடி கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுவது தெரியும். காற்றில் அவிழ்ந்த கொடியை மாற்றிச் சுற்றிவிட்டால் அது பிடிக்காது.

ஒவ்வொரு கழியின் அடியிலும் இரண்டு விதைகளை 3 முதல் 4 சென்ரிமீற்றர் ஆழத்தில் இடலாம். முன்னரே மண்ணை நன்கு நனைத்துவிட்டு, முளை தோன்றும்வரை மிகுதியாக நீர் ஊற்றாதிருத்தல் வேண்டும். வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்குச் சேர்த்துத் தருகின்றன. அதற்குமேல் நைதரசன் உரம் மிகுந்தால் இலை பெருகும், காய் குறையும். காய்க்கத் தொடங்கியதும் இரண்டு, மூன்று நாட்களுக்கு ஒருமுறை பிஞ்சாகவே பறித்தால் கொடி தொடர்ந்து பூக்கும்.

இனி, வேலியைப் பற்றி. வளவு சிறியதாயின், அயலவருடன் பொதுவாக உள்ள வேலியில் வலையை ஆணியடித்துக் கொடியை ஏற்றிவிடலாம் என்று தோன்றும். தனிக்கொடி மெல்லியதுதான். ஆனால், பல கொடிகள் தழைத்து, மழையில் நனைந்து நிற்கும்போது அவை பாய்மரம் போலக் காற்றை வாங்குகின்றன. பழைய மரவேலி அந்த இழுவையில் சாயக்கூடும். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 1991ஆம் ஆண்டு எல்லைவேலிச் சட்டப்படி, வேலிச் செலவை இரு தரப்பினரும் பகிர்வதே பொதுவிதி. ஆயினும், ஓர் உரிமையாளரின் வேண்டுமென்ற செயலாலோ கவனயீனத்தாலோ வேலி சேதமுற்றால், திருத்தும் செலவு முழுவதும் அவரையே சாரும்.

பணம் மட்டுமே இதில் அடங்கவில்லை. பிள்ளைகள் வேலைக்குச் சென்ற பின் பகல் முழுவதும் தனித்திருக்கும் ஒரு தாயை எண்ணிப் பார்க்கலாம். ஆங்கிலம் அவருக்குச் சரளமில்லை. அயல்வீட்டு மூதாட்டியும் அவரும் வேலிக்கு மேலாகக் கையசைத்துக்கொள்வதே அவருடைய அயலுறவு. அந்த வேலி பிணக்குக்குரிய பொருளாக மாறினால், அவர் தோட்டத்துக்கு வருவதையே தவிர்த்துவிடுவார்.

ஆதலால், கொம்பு வேலியிலிருந்து அரை மீற்றரேனும் தள்ளி, தன் நிலத்தில் தானே நிற்க வேண்டும். உலோகத் தகட்டு வேலி கோடையில் வீசும் வெப்பத்தால் பூக்கள் உதிரக்கூடும். இடைவெளி அதற்கும் நன்மை தரும். வாடகை வீட்டில் வாழ்வோர், நிலையான பொருத்துகளை அமைக்குமுன் வீட்டு உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதத்தைப் பெறுதல் அவசியம். பெரிய தொட்டியில் ஊன்றிய கழிகளிலும் போஞ்சி நன்கு காய்க்கும். வேலி தொடர்பாக நகரசபையிடம் வினவ விரும்புவோர், 131 450 என்ற தொலைபேசி இலக்கத்தில் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கோரலாம்.

கொம்பு நட்ட நாளிலேயே அயலவருக்கு அதைக் காட்டிவைத்தல் நல்ல வழக்கம். முதற் பறிப்பில் ஒரு பிடி காய் வேலிக்கு அப்பாலும் செல்லட்டும். அதற்கு ஆங்கிலம் அதிகம் தேவைப்படாது.