பழைய காருக்கு மாற்றுப் பாகம் வாங்கும்போது



தோட்டத்தில் ஒரு காலத்தில் சைக்கிள் வைத்திருந்தவரே வசதிக்காரர். பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது. இன்று ரெம்பியா வட்டாரத்திலும் அலோர் காஜா, தெபோங் பக்கத்துத் தோட்டங்களிலும் பல வீட்டு வாசலில் ஒரு பழைய கார் நிற்கிறது. 1985 ஜூலையில் வெளிவந்த புரோட்டோன் சாகா, 1992-இல் வந்த இஸ்வாரா, 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சில் என்று ஏதாவது ஒன்று, கைமாறிக் கைமாறி நம்மிடம் வந்து சேர்ந்திருக்கும். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதற்கும், பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துப் போவதற்கும், மாசி மகத்திற்குச் சன்னாசிமலை போய் வருவதற்கும் அந்த வண்டிதான் துணை.

என்ஜின் கோளாறு என்றால் நாம் உடனே கவனிக்கிறோம். வண்டியின் அடியிலே 'கடக் கடக்' என்று சத்தம் கேட்டால், 'பழைய வண்டிதானே' என்று ரேடியோவைக் கொஞ்சம் உரக்க வைத்துக்கொள்கிறோம். இந்தத் தவற்றை நாமும் செய்திருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் காரின் முன்சக்கரத்து லோவர் ஆர்ம் மாற்ற வேண்டி வந்தது. புதியதற்கும் பழையதற்கும் நாற்பது வெள்ளி வித்தியாசம். பழைய வண்டிகளை அறுத்து விற்கும் கடையில், பால் ஜாயிண்ட்டோடு சேர்ந்த ஒன்றை வாங்கிப் போட்டோம். மூன்று மாதத்தில் சத்தம் வந்தது. சம்பளம் வரட்டும் என்று தள்ளிப்போட்டோம். ஒரு காலை நான்கு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, செம்மண் சாலையிலிருந்து பெரிய சாலைக்குத் திரும்பும் முனையில், பால் ஜாயிண்ட் கழன்று சக்கரம் வெளியே மடங்கிவிட்டது. மெதுவாகப் போனதால் தப்பித்தோம். இன்னும் ஒரு நிமிடம் கழித்து, லாரிகள் ஓடும் சாலையில் அது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அன்று மிச்சம் பிடித்த நாற்பது வெள்ளியை நினைத்தால் இன்றும் நெஞ்சு படபடக்கிறது.

சக்கரத்தையும் வண்டியையும் இணைக்கும் பாகங்கள் எவை? ஸ்பிரிங் வண்டியின் பாரத்தைத் தாங்குகிறது. ஆனால் ஸ்பிரிங் மட்டும் இருந்தால் குழியில் விழுந்த வண்டி குதித்துக்கொண்டே இருக்கும். அந்தக் குதிப்பை அடக்குவது அப்சார்பர். அதன் உள்ளே எண்ணெய் சிறு துளைகள் வழியே நெருக்கிப் புகும்போது குதிக்கும் வேகம் சூடாக மாறித் தணிகிறது. சாகாவிலும் கஞ்சிலிலும் முன்பக்கத்தில் இவ்விரண்டும் ஒன்றாகப் பொருத்தப்பட்டிருக்கும். எர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளரின் பெயரால் அந்த அமைப்பு வழங்குகிறது. இரும்பும் இரும்பும் உரசாமல் இடையில் இருப்பது ரப்பர் புஷ். நம் பாட்டன் பாட்டி விடியற்காலையில் சீவி எடுத்த பாலின் வழி வந்த ரப்பருக்கு இங்கேயும் வேலை இருக்கிறது! சக்கரம் திரும்பவும் ஏறி இறங்கவும் இடம் கொடுப்பது பால் ஜாயிண்ட். ஸ்டியரிங்கின் இழுப்பைச் சக்கரத்துக்குக் கொண்டு சேர்ப்பது டை ராட் முனை.

எது கெட்டிருக்கிறது என்று தெரியாமல் கடைக்குப் போகக்கூடாது. வண்டியின் ஒரு மூலையை அழுத்தி விடுங்கள். எழும்பி உடனே அடங்கினால் நல்லது. இரண்டு மூன்று முறை ஆடினால் அப்சார்பர் தளர்ந்துவிட்டது. அதன் உடம்பில் எண்ணெய் வழிந்திருந்தாலும் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள். டயர் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருப்பதும் ஓர் அறிகுறி. பட்டறையில் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். தளர்ச்சி தெரிந்தால் பால் ஜாயிண்ட்டையோ பேரிங்கையோ பார்க்க வேண்டும். இடமும் வலமும் ஆட்டும்போது தளர்ச்சி தெரிந்தால் டை ராட்டைப் பார்க்க வேண்டும். வெறும் ஜாக்கை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் படுக்கக்கூடாது.

இனி, எதை வாங்குவது? கார் நிறுவனத்தின் பெட்டியில் வருவது ஒரு வகை. கார் நிறுவனங்களுக்குப் பாகம் செய்து கொடுப்பவர்களே தங்கள் பெயரில் விற்பது இரண்டாம் வகை. அப்சார்பருக்கு ஜப்பானின் காயாபாவை உதாரணமாகச் சொல்லலாம். இது பெரும்பாலும் விலை குறைவு, தரம் குறையாது. பெயர் தெரியாத பெட்டியில் வருவது மூன்றாம் வகை. அறுத்த வண்டியிலிருந்து வருவது நான்காம் வகை. நம் குடும்பங்களுக்கு இரண்டாம் வகையே பெரும்பாலும் பொருந்தும்.

பழைய பாகமே ஆகாது என்று நாம் சொல்லவில்லை. வளையாத, துருப்பிடிக்காத வெறும் இரும்புத் துண்டு என்றால், புதிய புஷ் போட்டுப் பயன்படுத்தலாம். ஆனால் பால் ஜாயிண்ட், டை ராட் முனை, அப்சார்பர், ரப்பர் புஷ் ஆகியவற்றைப் பழையதாக வாங்காதீர்கள். அவற்றின் தேய்மானம் உள்ளே இருப்பது. துடைத்து வைத்தால் கண்ணுக்குத் தெரியாது. ரப்பரோ ஓடாமல் கிடந்தாலும் வயதாகி வெடிக்கும்.

கையில் பணம் குறைவு என்றால் வரிசை முக்கியம். பால் ஜாயிண்ட், டை ராட் முனை முதலில். இவை விட்டுப்போனால் ஸ்டியரிங் நம் சொல் கேட்காது. அடுத்தது அப்சார்பர். பிறகு புஷ். ஸ்பிரிங் முறிந்திருந்தால் மட்டும் அதுவும் உடனே. அப்சார்பரையும் ஸ்பிரிங்கையும் இடது வலது சேர்த்து ஜோடியாக மாற்ற வேண்டும். ஒரு கால் புதிது, ஒரு கால் பழையது என்றால் வண்டி நொண்டும்.

கடைக்குப் போகும்போது வண்டியின் மாடல், ஆண்டு, சேஸி எண் ஆகியவற்றை எழுதிக்கொண்டு போங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். 'இது எல்லாச் சாகாவுக்கும் சேரும்' என்ற பேச்சு போதாது. பாகத்தின் எண்ணோடு ரசீது கேளுங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டி தாழ்வாகத் தெரிய ஸ்பிரிங்கை அறுக்காதீர்கள். அறுத்த ஸ்பிரிங்கில் அப்சார்பர் அடிவரை இடித்து விரைவில் கெடும்; தோட்டத்துக் குழிகளில் வண்டியின் வயிறும் கிழியும். முன் அப்சார்பரின் மேல் நட்டை வீட்டில் கழற்றவும் வேண்டாம். அழுத்தி வைத்த ஸ்பிரிங் தெறித்தால் எலும்பை முறிக்கும். அதை இறுக்கிப் பிடிக்கும் கருவி பட்டறையில் உண்டு.

பட்டறையில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ரப்பர் புஷ் போட்ட போல்ட்டைக் கடைசியாக இறுக்குவது, வண்டி தரையில் இறங்கித் தன் பாரத்தில் நிற்கும்போது நடக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். எல்லாம் முடிந்ததும் சக்கர அலைன்மெண்ட் பார்க்க மறவாதீர்கள். இல்லையேல் புதிய டயரும் வீணாகும்.

நேயர்களே, தீபாவளிக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்கிறோம். நல்ல வழக்கம்தான். அதற்கு முன் ஒரு நாள் அதன் அடியையும் ஒருவரிடம் காட்டுவோம். பின் இருக்கையில் உட்கார்ந்திருப்பவர்கள் நம் பிள்ளைகள். அடியில் கேட்கும் சத்தம் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் நாம்தான்.